பழமை கெடாமற் பழுது நீக்கல்: கைக்கடிகாரம் பற்றி ஒரு பாடம்

தமிழாசிரியர் ஒருவர் கடிகாரத்தைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தமை இம்மலரைப் படிப்பார் சிலர்க்கு வியப்பாதல் கூடும். விஞ்ஞான ஆசிரியர் எழுதவேண்டியதை இலக்கண ஆசிரியர் எழுதுவானேன் என வினவுவோர்க்கு விடை எளிது. கல்லூரி மணி அடித்தபின் எஞ்சும் பொழுதிற் சிலர் தோட்டம் செய்வர், சிலர் சீட்டாடுவர், யாம் பழைய கைக்கடிகாரங்களைத் திறந்து பார்ப்போம். இருபது ஆண்டுகளாக இப்பழக்கம் எம்மை விட்டகலவில்லை. யாழ்ப்பாண நகரத்திற் சிறு கடை வைத்திருந்த முதிய தொழிலாளர் ஒருவரிடம் விடுமுறை நாள்களில் அமர்ந்து யாம் இதனைக் கற்றோம். அவர் இப்பொழுது இல்லை. மேலும், பழைய நூலொன்றைப் பதிப்பித்தலும் பழைய கடிகாரமொன்றைப் பழுது பார்த்தலும் ஏறக்குறைய ஒரே வகை அறிவை வேண்டி நிற்கும் தொழில்கள் என்பது எம் துணிபு. ஆதலின் இப்பொருள் எம் துறைக்கு முற்றும் புறம்பானதன்று.

சொல்லைப் பற்றி முதலிற் சிறிது கூறுதல் ஆசிரியர்க்கு வழக்கம். கடிகை என்பது நாழிகை. அஃதாவது 24 நிமிடம். அதனை அளப்பது கடிகாரமாயிற்று. நம் ஊரார் வழக்கில் அது மணிக்கூடு. துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் பொழுதை அளந்த பழையோர்க்கு நாழிகை வட்டில் இருந்தது. அவ்வட்டிலிற் பழுது நீக்க வேண்டியது துளையொன்றே. அதுவும் தூர்ந்தால் ஓர் ஊசி போதும். நம் கையிற் கட்டும் பொறியோ நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புக்களை உடையது. அவ்வுறுப்புக்களுக்குக் கடைத்தெருவில் வழங்கும் டயல், முள், சாவி, பலன்ஸ், கல் முதலிய சொற்களையே ஈண்டும் வழங்குகின்றோம். தொழிலாளர் வாயில் உயிரோடிருக்கும் சொல்லை விலக்கிவிட்டுப் புதுச்சொற் புனைந்தால், அதனை விளக்க இன்னொரு கட்டுரை வேண்டும்.

உள்ளே நிகழ்வது இதுவே. சாவியைத் திருகும்போது உருளையொன்றினுள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகுகின்றது. அது தளரும் ஆற்றல் பற்சக்கரங்கள் வழியே செல்கின்றது. அவ்வாற்றல் ஒருங்கே ஓடிவிடாதவாறு தடுத்துத் தடுத்து விடுவது ஒரு சிறு நெம்புகோல். அத்தடுப்பின் தாளத்தை வரையறுப்பன, இருபுறமும் மாறி மாறிச் சுழலும் பலன்ஸ் சக்கரமும் அதனோடிணைந்த மயிர்போன்ற நுண்சுருளும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செய்யப்பட்ட கைக்கடிகாரங்களுட் பெரும்பாலன மணிக்கு 18,000 முறை அடிப்பவை. நாளொன்றுக்கு 4,32,000 அடி. இவற்றுட் பதினாயிரத்துக்கு ஒன்று தவறினும் நாள் முடிவில் எட்டரை வினாடிக்கு மேல் வேறுபாடு காணும். அதனைப் பெரும் பிழையென்று கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுச் சிரிப்பார் உளர். எழுபது எண்பது ஆண்டு முதிர்ந்த உலோகத் துண்டு, பதினாயிரத்தில் ஒன்றுமட்டுமே பிழைத்து மற்றெல்லாம் சரியாகச் சொல்கின்றது என்று எண்ணி யாம் வியப்போம்.

இப்பொறிகளுக்கு வாழ்வு குன்றியது 1969 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆம் நாள் தொடங்கி எனலாம். அன்றே செய்க்கோ நிறுவனம் தோக்கியோவிற் படிகக்கல் அதிர்வால் ஓடும் அஸ்ற்றோன் என்னும் முதற் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970 இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் அத்தொகை மூன்றிலொரு பங்களவாகச் சுருங்கிற்று. அங்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டன. இங்கே, பழுதுபார்ப்போர் மேசைகள் பற்றரி மாற்றும் மேசைகளாயின. இதனால் நேர்ந்த இடர் யாதெனின், பழைய கடிகாரம் நம்மிடம் இருக்கின்றது; அதனை அறிந்தவர் இல்லை. அறியாதார் கையிற் கொடுப்பின் அவர் செய்வது ஒன்றே: புதியது போலாக்கித் தருதல்.

புதியது போலாக்கல் வேறு. பழுது நீக்கல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலே கேடுகளுக்கெல்லாம் வேர். கடிகாரத்தின் உறுப்புக்களுட் சில தேய்வதற்கென்றே அமைந்தவை. எண்ணெய் காயும்; சுருள்வில் தளரும் அல்லது முறியும்; கண்ணாடி கீறும்; நீர்புகாது காக்கும் வளையம் இறுகி உடையும்; தோற்பட்டி வியர்வையால் இற்றுப்போகும். இவற்றை மாற்றுவதாற் பழமைக்கு ஊறில்லை. செய்தவரும் இவை மாற்றப்படும் என்றே கருதிச் செய்தனர். டயல், முள், கூடு, கூட்டின் மேற் பொறித்த எழுத்து, பொறியின் தகடு என்பனவோ அதனை இன்ன கடிகாரம் என அறிவிப்பன. இவற்றுள் ஒன்றை மாற்றினால் கடிகாரம் ஓடும். ஆனால் அக்கடிகாரமே ஓடுகின்றதா என்பது வினா.

டயலைப் பற்றி விரித்துக் கூறல் வேண்டும். பெரும்பாலான குற்றங்கள் அங்கேயே நிகழ்கின்றன. பழைய டயல் பித்தளைத் தகட்டின்மேல் வெள்ளிப்பூச்சும், அதன்மேல் எழுத்தும், காப்புக்கு மெல்லிய அரக்குப் படலமுமாக அமைந்தது. அரக்கு ஆண்டுகள் செல்ல மஞ்சளிக்கும். நுண்ணிய வெடிப்புக் காணும். வெடிப்பின் வழியே ஈரம் புகுந்து புள்ளி விழும். இதனைக் கண்டு பொறாத ஒருவர் பஞ்சை நனைத்துத் துடைப்பாராயின் புள்ளி போகாது, எழுத்தே போகும். செய்தவர் பெயர் பஞ்சில் வந்துவிட்டபின் அழுது பயனில்லை. இன்னொரு வழி டயலை மீள எழுதுவித்தல். பழைய பூச்சையும் எழுத்தையும் உலோகம் தெரியுமட்டும் நீக்கிவிட்டுப் புதிதாய்ப் பூசி, புதிதாய் அச்சிடுவர். முதற் பார்வைக்கு அழகாயிருக்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் எழுத்தின் பருமன் ஓரிடத்து ஒருவிதமாயும் மற்றோரிடத்து வேறுவிதமாயும் இருக்கும். நிமிடக் கோடுகள் பதித்த எண்களோடு நேராகச் சந்திக்கமாட்டா. ஏட்டைப் பார்த்தெழுதியவன் தனக்கு விளங்காத சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றியெழுதியது போன்றது இது. சேகரிப்போர் கறையுள்ள பழைய டயலுக்குக் கொடுக்கும் விலையை மினுங்கும் புதிய எழுத்துக்குக் கொடாமை இதனாலேயே.

கூட்டை மெருகிடலும் அத்தகையதே. மெருகிடுதல் என்பது கீறலை நிரப்புதலன்று. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள உலோகத்தை நீக்குதல். ஒவ்வொரு முறையும் விளிம்பின் கூர் மழுங்கும். பொறித்த எழுத்து ஆழங் குன்றும். பொன்முலாம் பூசிய கூடாயின் உள்ளிருக்கும் பித்தளை வெளிப்படும். நீக்கிய உலோகத்தை மீட்பார் எவருமில்லை.

பதிப்புத் தொழிலில் இதற்கு நேரான செய்தியை மாணாக்கர் அறிவர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார், அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. ஐயரின் புறநானூறு 1894 இல் வந்தது. நானூறு பாட்டுக்களுள் 267 ஆம் 268 ஆம் பாட்டுக்கள் இன்றுவரை கிடைத்தில. வேறு பல பாட்டுக்களின் இடையே அடியும் சீரும் சிதைந்துள்ளன. பெரும்புலவராகிய ஐயர்க்கு இரண்டு பாட்டு இயற்றி இடைவெளியை அடைத்தல் அரிதோ? அவர் அது செய்திலர். சிதைந்த இடம் சிதைந்தவாறே புள்ளியிட்டுக் காட்டப்பட்டது. வெவ்வேறு ஏடுகளிற் கண்ட பாடபேதம் அடிக்குறிப்பில் வைக்கப்பட்டது. படிப்பவன் எது ஏட்டிலுள்ளது, எது இல்லை என்று ஐயமின்றி அறிகின்றான். அவ்விரண்டு எண்களின் வெறுமையை நோக்குந்தோறும் அப்பதிப்பை நம்பலாம் என்னும் உறுதி எமக்குப் பெருகுகின்றது.

கட்டடங்களைப் பேணுவோரும் இம்முடிபுக்கே வந்தனர். 1964 இல் வெனிசு நகரிற் கூடிய வல்லுநர் வகுத்த பட்டயம், ஊகம் தொடங்கும் இடத்திற் புதுக்கும் பணி நின்றுவிடல் வேண்டும் என்றும், புதிதாய்ச் சேர்க்கும் உறுப்பு முழுமையோடு இசைந்திருப்பினும் பழையதினின்று வேறென அறியத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. கடிகாரத் துறையிலேயே முன்னோடி ஒருவர் உளர். கடலில் நெடுங்கோட்டை அறிதற்காக ஜோன் ஹரிசன் பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த காலக்கருவிகள் கிறீனிச்சு வானாய்வு நிலையத்திற் களிம்பேறிக் கிடந்தன. கடற்படை அலுவலராகிய றூப்பேட் கூல்ட் 1920 இல் அவற்றைக் கண்டு, பல்லாண்டு உழைத்து ஓடச் செய்தார். அவர் திறமையினும் எம்மைக் கவர்ந்தது அவர் எழுதி வைத்த குறிப்பேடுகள். கழற்றியது, கண்டது, செய்தது யாவற்றையும் படத்தோடு எழுதினார். அதனாலன்றோ பின்வந்தவர் ஹரிசனின் கைவேலை இது, கூல்டின் கைவேலை இது எனப் பிரித்தறிய முடிகின்றது!

இனி, பழமை என்பது எந்த நாளைய நிலை என்னும் வினாவுக்கு வருவோம். தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிலையே பழமை என்பர் பலர். இதனை ஒரு வரலாற்றாற் சோதிப்போம். இரண்டாம் உலகப் போரின் இறுதியிற் பிரித்தானியப் படையினர்க்கெனச் சுவிற்சர்லாந்திற் கைக்கடிகாரங்கள் செய்விக்கப்பட்டன. ஒமேகா, லோஞ்சீன், சைமா, லெமானியா, வேற்றெக்ஸ் முதலிய 12 பெயர்களில் 1945 அளவில் அவை வந்தன. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், ஆறாம் எண்ணின் மேற் சிறு வினாடி வட்டம், அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறி, பின்மூடியில் மூன்று டபிள்யூ எழுத்துக்கள் என்பன அவற்றின் பொது இலக்கணம். இருளில் ஒளிர்தற்காக எண்களிலும் முட்களிலும் றேடியம் பூசப்பட்டிருந்தது. றேடியம் தீங்கு விளைப்பது என்னும் அறிவு வளர்ந்தபின் படைத்துறைப் பட்டறைகளிற் பல கடிகாரங்களின் டயல்கள் கழற்றப்பட்டு, திரித்தியம் பூசிய புதிய டயல்கள் இடப்பட்டன. அவற்றில் வட்டத்தினுள் ஆங்கில ‘ரி’ எழுத்து இருக்கும். இப்பொழுது கூறுங்கள்: அப்புதிய டயல் குற்றமா? செய்தவர் இட்டதன்று, ஆனால் உடையவராகிய படைத்துறையே, தக்க காரணம் பற்றி, தன் பணிக்காலத்தில் இட்டது. அதனை அகற்றி எங்கிருந்தோ ஒரு 1945 ஆம் ஆண்டு டயலை வாங்கிப் பொருத்துவார் வரலாற்றை மீட்பவராகார். ஓர் ஏட்டின் அடியை இன்னோர் ஏட்டில் ஒட்டுபவராவார். கடிகாரத்துக்குப் பிறந்த நாள் ஒன்றுண்டு; வாழ்ந்த நாள்களும் உண்டு. யாம் இரண்டையும் மதிப்போம். இவ்விரண்டும் மாறுபடுமிடத்தே அறிவு வேண்டும்.

றேடியம் பற்றி இங்கே நிறுத்திச் சில கூறாவிடின் எம் கடமையிற் குறையும். 1898 இற் கியூரி தம்பதியர் கண்ட இத்தனிமம் பின்னர் துத்தநாகச் சல்பைட்டோடு கலந்து டயல்களிற் பூசப்பட்டது. அமெரிக்க நியூ ஜேர்சி மாநிலத்து ஓரேஞ்சு நகரில் 1917 முதல் இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டாற் கூராக்கி இப்பூச்சைத் தீட்டினர். தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் பலர் மாண்டனர். அவர்கள் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கத்தில் முடிந்தது. இன்று நம் பெட்டிகளிற் கிடக்கும் பழைய கடிகாரம் இருளில் ஒளிராது. ஒளிராமையாற் றேடியம் ஒழிந்தது என்று எண்ணற்க. ஒளிரும் சல்பைட்டே கெட்டது. றேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டு செல்லும். கண்ணாடி மூடியிருக்குமளவும் பெரிய இடர் இல்லை. டயலைச் சுரண்டுதல், ஊதுதல், முள்ளின் பூச்சை ஊசியாற் குத்துதல் என்பன கொடியன. அத்தூள் மூச்சோடு சென்றால் உடம்பினுள் தங்கிவிடும். அதிலிருந்து றேடன் வளியும் வெளிப்படுமாதலின் இத்தகைய கடிகாரங்களைப் பலவாகச் சேர்த்து மூடிய அறையில் வைத்தலும், தலையணைக்கீழ் வைத்து உறங்குதலும் தகா. றேடியம் பூசிய டயலைத் திறத்தற்குத் தக்க கருவியும் காப்பும் உடையாரிடமே கொடுத்தல் வேண்டும். 1930 முதல் 1960 வரை செய்யப்பட்டு, எண்களருகே தவிட்டு நிறப் பொட்டுக்கள் உடையதாயிருப்பின் றேடியம் என்றே கொண்டு நடப்பது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது வெளிநாட்டில் வாழ்பவர், எம்மிடம் ஓர் ஒமேகாக் கடிகாரத்தைக் கொணர்ந்தார். அவருடைய அப்பப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்து 1956 இல் ஓய்வு பெற்றவர். 1948 இற் கோலாலம்பூரில் வாங்கியது அது. முப்பது மில்லிமீற்றர் பொறி என்று தொழிலாளர் போற்றும் வகை. 1939 இல் வெளிவந்து 1963 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் செய்யப்பட்ட பொறி அது. முற்கூறிய படைக் கடிகாரங்களுள் ஒமேகாவினுடையவற்றில் ஓடியதும் அதுவே. செம்புநிறப் பூச்சும் அகன்ற பலன்சும் உடைய அப்பொறியினும் எளிமையும் உறுதியும் ஒருங்கமைந்த ஒன்றை யாம் கண்டிலோம்.

கடிகாரம் நின்றிருந்தது. சாவி இறுகிச் சுழலவில்லை. டயலில் ஏழாம் எண் தொடங்கி ஒன்பதாம் எண் வரை கருங்கறை படர்ந்திருந்தது. நிமிட முள் மணி முள்ளோடு இனமொத்திலது. ஒன்று இலை வடிவு, மற்றது நேர்கோல். பின்மூடி முழுதும் கீறல். அதன் நடுவே அப்பப்பாவின் பெயரெழுத்துக்களும் 1956 என்னும் ஆண்டும். அவர் வாழும் நாட்டுக் கடையொன்றில் டயலை மீள எழுதி, முட்களை மாற்றி, கூட்டை மெருகிட்டுத் தருவதாக விலையும் கூறியிருந்தனர்.

“அப்பாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, ஐயா. அப்பப்பா கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே அவர் கையிற் கொடுக்க விரும்புகிறேன்” என்றார்.

“தம்பி, கடையில் வாங்கிய அன்று உங்கள் அப்பா அதனைக் கண்டிருப்பாரா?” என்று கேட்டோம். அவர் சிறிது எண்ணி, அப்பா அப்பொழுது பிறந்திருக்கவில்லை என்றார்.

பின்மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை உருப்பெருக்கியால் நோக்கினோம். பழைய தொழிலாளர் ஒவ்வொரு முறை பழுது பார்த்தபோதும் ஊசியால் நாளையும் தம் குறியையும் அங்கே கீறி வைப்பது வழக்கம். ஏட்டின் இறுதியில் எழுதியவன் தன் பெயரும் நாளும் குறித்தல் போல்வது இது. 1953 ஆம் ஆண்டு மே, 1961, 1974 என மூன்று குறிகள் இருந்தன. மெருகிடும் கடைகளிற் சில உட்புறத்தையும் மினுக்கிவிடும். அதனோடு இச்சான்றும் போய்விடும். நிமிட முள் எப்பொழுது மாறிற்று என்று குறிகள் கூறவில்லை. அப்பப்பா எழுதிய வரவுசெலவுக் கொப்பிகள் வீட்டில் உள்ளனவா என வினவினோம். மலாயாப் பென்சன்காரர் கணக்கெழுதாதிருப்பது அரிது என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். ஒருவாரத்தில் அவர் ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பினார்: 1953 மே மாதத்துச் செலவில், கடிகார முள் மாற்றியதும் எண்ணெய் இட்டதும் ஒரு வரியில் இருந்தன. இரண்டு ஏடுகள் ஒரு பாடத்தில் ஒத்தன போல ஐயம் நீங்கிற்று. அப்பப்பா தாமே மாற்றுவித்து, அதன்பின் பல்லாண்டு கட்டிய முள் அது. இலை வடிவப் பழைய முள்ளொன்றைத் தேடிப் பெறுதல் அரிதன்று; தேடவேண்டாம் என்றோம். இதில் எம்மோடு மாறுபடுவார் உளர். செய்தவர் கருத்தே தலையாயது என்று அவர் வாதிப்பர். அருங்காட்சியகத்துக்குரிய பொருளாயின் யாமும் அதனை ஆராய்வோம். இது ஒரு குடும்பத்தின் கைப்பொருள்.

கறையின் வரலாற்றை மகனுக்குத் தந்தையே கூறினார். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது, அப்பாச்சி இக்கடிகாரத்தைச் சேலைத்தலைப்பில் முடிந்து இடுப்பிற் செருகியிருந்தார். வீட்டிலிருந்த நூல்களும் படங்களும் மீளவில்லை. கணக்குக் கொப்பிகளும் இதுவுமே மீண்டன. அவ்விரவு புகுந்த நீரே டயலிற் கறையாயிற்று. வெளிநாட்டில் வளர்ந்த மகன் இதனை அன்றுவரை கேட்டறியான். டயலை மீள எழுதுவிக்கும் பேச்சு அதனோடு முடிந்தது.

எனினும், வரலாறு என்று சொல்லித் துருவை வளரவிடல் மடமை. வடுவும் நோயும் ஒன்றல்ல. டயலிற் படிந்த கறை வடு. அது இனி வளராது. சாவித் தண்டிலும் அதனருகேயுள்ள சிறு எஃகு உறுப்புக்களிலும் இருந்த துரு நோய்; அது நாள்தோறும் தின்னும். டயலையும் முட்களையும் றேடியத்துக்குரிய காப்புக்களை உடைய தொழிலாளர் ஒருவரைக் கொண்டு கழற்றுவித்து மூடிய சிமிழில் வைத்தோம். பொறியில் மட்டும் கை வைத்தோம். கழற்றுமுன்னும் கழற்றும் ஒவ்வொரு படியிலும் படம் எடுக்கப்பட்டது. துருப்பிடித்த உறுப்பில் எண்ணெய் ஊறவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம். திருகாணியின் தலை உடையாமற் கழல்வதற்குப் பொறுமையினும் சிறந்த கருவி இல்லை. உறுப்புக்களைக் கழுவி, கற்களின் துளைகளைக் கூரிய மென்மரக் குச்சியாற் சுழற்றித் துடைத்தோம். சாவித் தண்டும் ஒரு சிறு வில்லும் மீட்கத் தக்கனவாயில்லை. அவற்றுக்கு அதே வகைப் பழைய பொறியொன்றிலிருந்து ஈடு செய்தோம். முதன்மைச் சுருள்வில் புதியது. பழைய எஃகுவில் முறியுமானால் அருகிலுள்ள பற்களையும் சேதப்படுத்துமாதலின் இக்காலத்துத் துருவேறாக் கலப்புலோக வில்லை இடுவதில் எமக்குத் தயக்கமில்லை. பலன்சின் தண்டு நல்லகாலமாகப் பழுதின்றியிருந்தது. அதிர்ச்சி தாங்கும் அமைப்பில்லாத முற்காலப் பொறிகளில் ஒருமுறை கீழே விழுந்தாலே அத்தண்டு முறிந்துவிடும்.

எண்ணெயிடலைப் பற்றி ஒரு சொல். பலன்சின் நுனிக்கு மிக மெல்லிய எண்ணெய். மெதுவாய்ச் சுழலும் சக்கரங்களுக்குத் தடித்தது. சாவிப் பகுதிக்குக் களிம்பு. அளவு மிகுந்தால் எண்ணெய் படர்ந்து தன்னிடம் விட்டோடும், தன்னிடம் உலர்ந்துபோம். தையலெந்திர எண்ணெயை ஒரு துளி விட்டால் ஓடும் என்று சொல்லுவாரை நம்பற்க. சில கிழமை ஓடும். பின்னர் பசைபோல் இறுகி முன்னையினும் கேடாய் நிற்கும்.

பொறி மீண்டும் ஓடியபோது, அடியொலியைக் கேட்டளக்கும் கருவியில் வைத்தோம். முழுதும் சாவி கொடுத்துக் கிடையாக வைத்த நிலையிற் பலன்ஸ் ஏறத்தாழ 270 பாகை சுழன்றது. நாளுக்குப் பன்னிரண்டு வினாடி முந்திற்று. இம்முதுமைக்கு அது போதும். அதனினும் நுட்பமாக்க முயன்று நுண்சுருளைத் தொட வேண்டா என்று விட்டோம். டயல் கறையோடும், முட்கள் இனமொவ்வாமலும், கூடு கீறலோடும் மீளப் பொருத்தப்பட்டன. புதியதாக வெளியிற் றெரிவது கண்ணாடி ஒன்றே. பின்மூடியின் உட்புறத்து எம் குறியையும் நாளையும், முந்தியவற்றைத் தீண்டாமல், ஓரத்திற் சிறிதாகக் கீறினோம். கழற்றிய கண்ணாடி, தண்டு, வில் யாவும் சிறு கடிதவுறையில் இட்டு, மாற்றியவை இவை, இடப்பட்டவை இவை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கூடவே கொடுத்தோம். நாளை ஒருவர் எம் முடிபு பிழையென்று கருதினால் எல்லாவற்றையும் முன்னிருந்தவாறே மீட்க அவர்க்கு இயலும்.

அப்பெரியவர் அதனை எப்பொழுதும் கையிற் கட்டுவதில்லை. றேடியம் பற்றி மகன் கூறியிருக்கின்றார். காற்றோடும் அலுமாரித் தட்டில் வைத்து, காலையிற் றேநீர் அருந்தியபின் சாவி கொடுப்பதாகக் கடிதம் எழுதியிருந்தார். சாவி கொடுக்கும் கடிகாரத்தை நாள்தோறும் ஒரே நேரத்திற் சாவி கொடுத்தலே முறை. வில்லின் இறுக்கம் நாள்தோறும் ஒரே அளவில் நிற்பதால் ஓட்டமும் ஒருநிலைப்படும்.

நம் மாணவரில் இக்கலையைப் பயில விரும்புவோர் உளராயின் அவர்க்குச் சில சொல்வோம். வீட்டிலுள்ள பெரியோர் கடிகாரத்திற் கற்கத் தொடங்கற்க. ஒளிப்பூச்சு எதுவும் இல்லாத, விலை குறைந்த, சாவி கொடுக்கும் கடிகாரமொன்றை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டி, மீண்டும் கழற்றிப் பூட்டிப் பழகுக. திருகாணிக்கு அளவொத்த திருகி வேண்டும். அளவொவ்வாத திருகி தலையைச் சிதைக்கும், சிதைந்த தலை தொழிலாளியின் தரத்தை என்றும் கூறிக்கொண்டேயிருக்கும். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு கண் உருப்பெருக்கி, இரண்டு சாமணம், மூடியுள்ள சிறு பெட்டிகள், ஒரு கொப்பி, ஒரு பென்சில் இவ்வளவும் தொடக்கத்துக்குப் போதும். பழைய மாணவ அன்பர்கள் தம் குடும்பக் கடிகாரத்தைப் பற்றி எம்மை உசாவ விரும்பின், மூடியைத் திறவாமல், துடைக்காமல், இருந்தபடியே கொணர்க. அதனோடு சேர்ந்த பற்றுச்சீட்டு, பழைய பட்டி, பெட்டி, உடையவர் கணக்குக் கொப்பி எதுவாயினும் உடன் கொணர்தல் நன்று.